வேப்பம்பலகையில் 121 குழிகள்: தடைக்காலத்தில் செய்த ஹெக்ஸ் பலகை

மண்டபத்துக்கும் உச்சிப்புளிக்கும் நடுவில், மன்னார் வளைகுடாவின் கரையில் இருக்கிறது எங்கள் ஊர். மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் என்பதால் ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. பகலில் படகைச் செப்பனிடுவதும் சாயம் அடிப்பதும் வலையின் கிழிசலைப் பொத்துவதுமாக வேலை இருக்கும். மாலையானால் திண்ணைகளில் ஆள் நிறைந்துவிடும். பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் எனக்கும் ஏறக்குறைய அதே சமயத்தில்தான் கோடை விடுமுறை. சிமெண்டுத் தரையில் கரித்துண்டால் ஆடுபுலிக் கட்டம் கிழித்து, புளியங்கொட்டைகளை ஆடுகளாகவும் மூன்று கற்களைப் புலிகளாகவும் வைத்து நாங்கள் விளையாடிப் பழகிய திண்ணையில், இந்த ஆண்டு புதிதாக ஓர் ஆட்டத்தைக் கொண்டுவந்து வைக்க வேண்டும் என்று விரும்பினேன். அதற்கான பலகையைச் செய்து முடிக்க ஐந்து வாரங்கள் ஆயின. நடந்த பிழைகளும் அவற்றுக்குக் கண்ட திருத்தங்களும் இதைச் செய்ய நினைக்கும் வேறொருவருக்குப் பயன்படும் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

அந்த ஆட்டத்தின் பெயர் ஹெக்ஸ். டென்மார்க்கைச் சேர்ந்த பியட் ஹெய்ன் 1942-இல் இதைக் கண்டுபிடித்தார். அவரைப் பற்றி ஏதும் அறியாமலேயே, பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த ஜான் நாஷ் 1948-இல் தாமும் இதே ஆட்டத்தைக் கண்டுபிடித்தார். பின்னாளில், 1994-இல், பொருளாதாரத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட அதே நாஷ்தான். 1952-இல் பார்க்கர் பிரதர்ஸ் நிறுவனம் ஹெக்ஸ் என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. சாய்சதுர வடிவமான களத்தில் வரிசைக்கு 11 வீதம் 11 வரிசைகளாக அறுகோண அறைகள் இருக்கும். எதிரெதிரான இரண்டு பக்கங்கள் ஒருவருடைய கரைகள்; மற்ற இரண்டும் அடுத்தவருடைய கரைகள். இருவரும் மாறி மாறி ஆளுக்கொரு காயைக் காலியான அறையில் வைக்க வேண்டும். வைத்த காய் நகராது, வெட்டுப்படாது. தன் இரண்டு கரைகளையும் தன் காய்களால் அறுபடாமல் இணைத்துவிட்டவர் வென்றவர். விதி முழுவதும் இவ்வளவுதான். ஒரு நிமிடத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம்; ஆனால் ஆடிப் பார்த்தால் ஒவ்வொரு காய்க்கும் உட்கார்ந்து யோசிக்க வேண்டியிருக்கும். பகடையின் தயவும் சீட்டின் அதிர்ஷ்டமும் இதில் கிடையாது. எங்கள் திண்ணைக்கு ஏற்ற ஆட்டம் இதுதான் என்று முடிவு செய்ததற்கு இதுவே காரணம்.

டென்மார்க்கில் இந்த ஆட்டம் முதலில் செய்தித்தாள் வழியாகத்தான் பரவியது. அறைகள் அச்சிட்ட தாளில் பென்சிலால் குறியிட்டு ஆடினார்கள். நானும் தாளில்தான் தொடங்கினேன். வரிசைக்கு ஐந்து அறைகள் கொண்ட சிறிய களம் ஒன்றை நோட்டில் வரைந்து, ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் அக்கா மகளுடன் ஆடிப் பார்த்தேன். பத்து ஆட்டத்துக்குள், நடு அறையில் முதலில் குறியிடுபவரே வெல்கிறார் என்பதை அவள் கண்டுகொண்டாள். ஏழு அறைக் களத்தில் அந்த இரகசியம் பிடிபட இன்னும் இரண்டு நாட்கள் ஆயின. பதினொன்றுக்குப் போனபோதுதான் ஆட்டம் தன் முழு உருவத்தைக் காட்டியது. ஆனால் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் 121 அறுகோணங்களை வரைவது நடக்கிற காரியம் அல்ல.

ஆகவே ஒரு தாளில் அறைகளைச் சீராக வரைந்து, மைதா பசை கொண்டு தடித்த அட்டையில் ஒட்டி முதல் பலகையைச் செய்தேன். அது ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. கடலோரக் காற்றில் உப்பும் ஈரமும் சேர்ந்தே இருக்கும். இரவில் வெளியே வைத்த அட்டை காலையில் நனைந்த அப்பளம்போல் தொய்ந்திருந்தது. பசை ஈரத்தை இழுத்ததால் தாள் குமிழிட்டு எழும்பியது. அது போதாதென்று, மே மாதம் தொடங்கும் கச்சான் காற்று, வைத்த காய்களை இடம் மாற்றிவிட்டது. ஹெக்ஸில் ஒரு காய் ஓர் அறை தள்ளிப் போனால் ஆட்டமே வேறாகிவிடும். யாருடைய காய் எங்கிருந்தது என்ற சச்சரவில் இரண்டு ஆட்டங்கள் பாதியில் நின்றன. பலகை மரத்தில்தான் இருக்க வேண்டும், காய்கள் குழிக்குள் அமர வேண்டும் என்ற இரண்டு தேவைகளும் அந்த வாரத்தில் உறுதியாயின.

குழி என்றதும் பல்லாங்குழிதான் நினைவுக்கு வரும். அறுகோண அறைகளை வரைய வேண்டிய அவசியமே இல்லை என்பதும் அப்போதுதான் எனக்குத் தோன்றியது. ஓர் அறுகோண அறைக்கு ஆறு அண்டை அறைகள் உண்டு. ஒவ்வொரு அறையின் நடுப்புள்ளியையும் மட்டும் எடுத்துக்கொண்டால், ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் சம தூரத்தில் ஆறு புள்ளிகள் இருக்கும். புள்ளிக்கு ஒரு குழி தோண்டினால் போதும், ஆட்டம் சிறிதும் மாறாது.

எங்கள் பக்கத்தில் எங்கு பார்த்தாலும் பனை நிற்பதால், பனம்பலகையிலேயே செய்துவிட வேண்டும் என்ற ஆசையில் ஒரு பழைய பனஞ்சட்டத்தை அறுத்து இழைத்தேன். கூரைக்கு நிகரற்ற மரம் அது. இந்த வேலைக்குப் பொருந்தவில்லை. பனையில் கறுத்த கடினமான நார்களும் அவற்றுக்கு இடையில் மென்மையான சோறும் மாறி மாறி இருப்பதால், துளையிடும் முனை நாரில் பட்டதும் வழுக்கிப் பக்கத்துச் சோற்றுக்குள் இறங்கிவிடுகிறது. குறித்த இடத்திலிருந்து இரண்டு, மூன்று மில்லிமீட்டர் விலகாத குழி ஒன்றுகூட அமையவில்லை. குழியின் விளிம்பில் நீட்டிக்கொண்டிருந்த சிலாம்பு விரலில் ஏறியது. குழந்தைகள் கை வைக்கும் பொருளுக்கு அது ஆகாது.

பிறகு தச்சு வேலை செய்யும் உறவினர் ஒருவரிடம் இருந்த வேப்பம்பலகைகள் இரண்டை வாங்கினேன். 19 மி.மீ. கனம். அகலம் போதாததால் இரண்டையும் பக்கவாட்டில் பசை வைத்து இணைத்து, 500 மி.மீ. நீளமும் 320 மி.மீ. அகலமும் உள்ள ஒரே பலகையாக்கினோம். ஈரக் காற்றில் மரம் அகலவாக்கில் விரியும், வெயிலில் சுருங்கும். அதனால் அடியில் இரண்டு குறுக்குச் சட்டங்களைப் பொருத்தி, சட்டத்தின் துளைகளை வட்டமாக அல்லாமல் சற்று நீளவாக்கில் இழுத்துவிட்டோம். மரம் அசைவதற்கு இடம் கிடைக்கும், பலகை வளையாது. திருகாணிகள் பித்தளையாக இருக்க வேண்டும் என்பதில் உறவினர் பிடிவாதமாக இருந்தார். அவர் செய்து வைத்திருந்த ஒரு பழைய முக்காலியின் இரும்புத் திருகாணிகள் உப்புக் காற்றில் உதிர்ந்து, துளையில் செம்புழுதி மட்டும் மிஞ்சியிருந்ததைக் கழற்றிக் காட்டினார். அதற்கு மேல் நான் விலையைப் பற்றிப் பேசவில்லை.

இனி நான் செய்த பெரிய பிழைக்கு வருகிறேன். குழிக்குக் குழி 28 மி.மீ. என்று கணக்கிட்டேன். சமபக்க முக்கோணத்தின் உயரம் பக்கத்தைப்போல் 0.866 மடங்கு என்பதால், வரிசைக்கு வரிசை 24.25 மி.மீ. இருக்க வேண்டும், ஒவ்வொரு வரிசையும் முந்தைய வரிசையைவிட 14 மி.மீ. வலப்பக்கம் தள்ளித் தொடங்க வேண்டும். கணக்கில் தவறு இல்லை. ஆனால் முதல் குழியிலிருந்து இரண்டாவதை அளந்தேன், இரண்டாவதிலிருந்து மூன்றாவதை அளந்தேன், முதல் வரிசையிலிருந்து இரண்டாம் வரிசையை அளந்தேன். ஒவ்வோர் அளவிலும் பென்சில் முனையின் பருமன் அளவுக்குப் பிசகு சேர்ந்துகொண்டே போனது. ஒரு மாதிரிப் பலகையில் குழிகள் தோண்டிப் பார்த்தபோது பதினோராம் வரிசை ஆறு மில்லிமீட்டர் விலகியிருந்தது. ஆறு மில்லிமீட்டர் பெரிய தூரம் இல்லைதான். ஆனால் அந்த விலகலால், அண்டையில் இருக்க வேண்டிய குழி எட்டியும், எட்டியிருக்க வேண்டிய குழி அண்டையிலும் இருப்பதுபோல் கண்ணுக்குத் தோன்றியது. எது அண்டை என்பதுதான் இந்த ஆட்டத்தின் உயிர். அதில் ஐயம் வந்துவிட்டால் விளையாடுவதற்கு ஒன்றுமே இல்லை.

நல்லவேளையாக அது வீண் மரத்தில் நடந்தது. அந்த மாதிரிப் பலகையைத் திண்ணையில் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தபோது பெரியம்மா வந்து பார்த்தார். எழுபது வயதைக் கடந்தவர்; எங்கள் தெருவில் ஆடுபுலியில் அவரை வெல்ல ஆளில்லை.

“குழி மட்டும் இருந்தா போதுமாப்பா? கோடு எங்கே? கோடு இல்லாம எது எதோட சேந்ததுன்னு எப்படித் தெரியும்?” என்று கேட்டார்.

அந்தக் கேள்விதான் இந்தப் பலகையை உருவாக்கியது. ஆடுபுலிக் கட்டத்தில் 23 சந்திகள் இருக்கின்றன. அவற்றை யாரும் அளந்து வைப்பதில்லை. கோடுகளை இழுக்கிறோம், கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடம் தானாகச் சந்தியாகிவிடுகிறது. எந்தச் சந்தியிலிருந்து எந்தச் சந்திக்குப் போகலாம் என்பதை அந்தக் கோடே சொல்லிவிடுகிறது. சிறு பிள்ளைக்கும் ஐயம் வராது. நான் புள்ளிகளை முதலில் வைத்துவிட்டு உறவுகளைப் பிறகு தேடிக்கொண்டிருந்தேன். பெரியம்மாவின் பழக்கப்படி பார்த்தால் உறவுக் கோடுதான் முதலில் வர வேண்டும்.

தாளில் எண்ணிப் பார்த்தேன். 121 குழிகளுக்கு இடையில் அண்டை உறவுகள் 320. அவ்வளவையும் தனித்தனியாக வரைய வேண்டியதில்லை. அவையெல்லாம் 41 நேர்கோடுகளின் துண்டுகளே. குறுக்கே 11, சாய்வாக ஒரு திசையில் 11, மறு திசையில் 19. இந்த 41 கோடுகளையும் இழுப்பதற்குச் சாய்சதுரத்தின் நான்கு பக்கங்களிலும் சேர்த்து 40 குறிகள் இருந்தால் போதும். நடுவில் எதையும் அளக்க வேண்டியதில்லை. இதில் இன்னொரு நன்மையும் உண்டு. உள்ளே இருக்கும் ஒவ்வொரு சந்தியிலும் மூன்று கோடுகள் கூடுகின்றன. எங்காவது அளவு பிசகியிருந்தால் மூன்றாவது கோடு சந்தியைத் தொடாமல் விலகிப் போய்ப் பிழையைக் காட்டிக்கொடுத்துவிடும். வரைபடமே தன்னைத்தான் சரிபார்த்துக்கொள்கிறது. எத்தனையோ ஆண்டுகளாக வடிவியல் நடத்திவரும் எனக்கு அந்த மாலை மிகுந்த மகிழ்ச்சியைத் தந்தது.

சாய்சதுரத்தை அமைப்பதற்கும் மூலைமட்டம் தேவைப்படவில்லை. பக்கம் 280 மி.மீ.; அதன் குறுகிய மூலைவிட்டமும் சரியாக 280 மி.மீ.தான், ஏனென்றால் அது இரண்டு சமபக்க முக்கோணங்கள் ஒட்டிய வடிவம். ஒரு ரீப்பர் துண்டில் 280 மி.மீ. இடைவெளியில் இரண்டு ஆணிகளை அடித்துக்கொண்டேன். பலகையில் ஒரு கோட்டை இழுத்து, அதன் இரு முனைகளிலும் அந்த ரீப்பரை ஊன்றி வில் கீறினால் மூன்றாவது மூலை கிடைத்துவிடும். இன்னொரு முறை கீறினால் நான்காவது மூலையும் கிடைக்கும். நீண்ட மூலைவிட்டம் 485 மி.மீ. வருகிறதா என்று மட்டும் அளந்து பார்த்தேன், வந்தது. பக்கங்களை 28 மி.மீ. வீதம் பத்துப் பங்காகப் பிரிக்கும்போது ஸ்கேலை நகர்த்தவே இல்லை. சுழியத்தை ஒரு மூலையில் வைத்து 28, 56, 84 என்று 280 வரைக்கும் ஒரே இருப்பில் குறித்தேன். இதைச் செய்பவர்கள் இந்த ஓர் இடத்தில் மட்டும் சிக்கனம் பார்க்காமல் நல்ல இரும்பு ஸ்கேலைப் பயன்படுத்த வேண்டும்.

குழி தோண்டும் வேலை உறவினரின் பட்டறையில் நடந்தது. திருகாணியின் தலை மரத்துக்குள் அமர்வதற்காகக் குழிக்கும் கூம்பு முனை ஒன்று அவரிடம் இருந்தது. அதை டிரில் ஸ்டாண்டில் மாட்டி, ஏழு மில்லிமீட்டருக்கு மேல் இறங்காதபடி ஆழத்தைப் பூட்டிவிட்டோம். கூம்பின் கோணம் செங்கோணம் என்பதால் ஆழம் ஏழானால் வாய் அகலம் பதினான்கு. குழிக்கும் குழிக்கும் இடையில் கோடு தெரிவதற்குப் பதினான்கு மில்லிமீட்டர் மிஞ்சும். ஒவ்வொரு சந்தியிலும் முதலில் ஆணியால் ஒரு சிறு பள்ளம் குத்திக்கொண்டு அதன்மேல் முனையை இறக்கினோம். வேம்பு அருமையாக ஒத்துழைத்தது. 121 குழிகளுக்கு இரண்டு மணி நேரம் ஆயிற்று. உப்புத்தாளைச் சுருட்டி ஒவ்வொரு குழியாகத் தேய்க்க மூன்று மாலைகள் ஆயின. அதில் அக்கா மகளின் பங்கு என் பங்கைவிட அதிகம்.

காய்களுக்கு அலைய வேண்டியிருக்கவில்லை. பலகை முழுவதும் நிரம்பினால்கூட முதலில் ஆடுபவருக்கு 61, மற்றவருக்கு 60 காய்கள்தான் தேவை. ஒரு பக்கத்துக்குப் புளியங்கொட்டை. மறு பக்கத்துக்கு இராமேஸ்வரத்துக் கடையில் வாங்கிய சிறிய வெள்ளைச் சோழி. தெருப்பிள்ளை ஒருவன் கரையில் கிடந்ததாகச் சொல்லிக் கை நிறையப் பவளத் துண்டுகளைக் கொண்டுவந்தான். பார்க்க அழகாகத்தான் இருந்தன. ஆனால் பவளம் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் காக்கப்படும் உயிர். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலும் 1986 முதல் தேசியப் பூங்காவாக இருப்பதற்கு அந்தப் பவளத் திட்டுகளே முதற்காரணம். அதை அவனுக்கு விளக்கி, எடுத்த இடத்திலேயே போட்டுவிட்டு வரச் சொன்னேன். போட்டுவிட்டு வந்தான். அவனுக்கு முதல் ஆட்டம் ஆடும் வாய்ப்பைக் கொடுத்தோம்.

நிறம் இவ்வளவு தொல்லை கொடுக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. இழைத்த வேம்பின் மேல் எண்ணெய் மட்டும் தடவி வைத்ததில், திண்ணை விளக்கின் வெளிச்சத்தில் புளியங்கொட்டை மரத்தோடு மரமாக மறைந்துவிட்டது. குழிகளுக்கு வெள்ளை அடித்துப் பார்த்தேன். இப்போது சோழி மறைந்தது. கடைசியில் எதிர்வீட்டு அண்ணன் தம் விசைப்படகுக்கு அடித்து மிஞ்சிய நீலச் சாயத்தில் வெள்ளையைக் கலந்து, வெளிறிய வான்நீலமாக்கிப் பூசினேன். அதன்மேல் பழுப்பும் வெள்ளையும் தனித்தனியே பளிச்சென்று தெரிந்தன. படகுச் சாயத்துக்கு இன்னொரு தகுதியும் உண்டு: உப்பைத் தாங்குவதற்கென்றே செய்யப்பட்டது அது. இரண்டு மெல்லிய பூச்சுகள் போதும். தடித்துப் பூசினால் குழியின் அடியில் தேங்கி நாள்கணக்கில் காயாது.

சாயம் பூசியதும் நான் கீறிய கோடுகள் அனைத்தும் மறைந்தன. இப்போது குழிகள் இருப்பதால் மறுபடியும் அளக்க வேண்டியிருக்கவில்லை. ஸ்கேலைக் குழிகளின் நடுவில் வைத்து, கூர்மையாக்கிய ஆணியால் சாயத்துக்குள் மறுபடி கீறினேன். கீறலில் கறுப்புச் சாயத்தைத் துணியால் தேய்த்து, மேலே படிந்ததை மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்தெடுக்க வேண்டும். நீலம் நன்றாக இறுகும்வரை, ஒரு வாரமாவது, பொறுக்காமல் இதைச் செய்தால் நீலமும் சேர்ந்து வந்துவிடும்; ஒரு மூலையில் எனக்கு அப்படி நேர்ந்து, திருப்பிப் பூசினேன். ஓரங்களில் இரண்டு எதிர்ப்பக்கங்களுக்கு வெள்ளைப் பட்டையும் மற்ற இரண்டுக்குப் பழுப்புப் பட்டையும் தீட்டினேன். நான்கு மூலைக் குழிகளும் இரண்டு கரைகளுக்கும் பொதுவானவை. கூரிய மூலைகளில் இரண்டு கோடுகளும், விரிந்த மூலைகளில் மூன்று கோடுகளும் சேர்கின்றன. ஆடத் தெரிந்தவர்களுக்கு இந்த வேறுபாடு விரைவிலேயே முக்கியமாகிவிடும்.

மே மாதம் மூன்றாவது வாரத்தில் பலகை திண்ணைக்கு வந்தது. பெரியம்மாவுக்கு விதியைச் சொன்னதும் அவர் ஒரு கணம் யோசித்துவிட்டு, “ஆடு வைக்கிறது மட்டும்தான் ஆட்டம், நகத்துறது கிடையாது, அப்படித்தானே?” என்றார். இதைவிடச் சுருக்கமாக யாராலும் சொல்ல முடியாது. ஆடுபுலியில் 15 ஆடுகளையும் வைத்து முடிக்கும்வரை எந்த ஆடும் நகரக் கூடாது. அந்த வைக்கும் கட்டத்திலேயே பாதி வெற்றி முடிவாகிவிடும் என்பது தேர்ந்தவர்களுக்குத் தெரியும். ஹெக்ஸ் என்பது அந்தக் கட்டமே முழு ஆட்டமாக நீண்டது போன்றது. அதனால் அவர் எங்களைப்போல் காய்க்குப் பக்கத்தில் காய் வைத்து ஊர்ந்து போகவில்லை. முதல் நாளிலேயே தள்ளித் தள்ளி வைத்தார். ஆறு காய்களில் அவருடைய வழி ஏறக்குறைய தெரிந்துவிட்டது. மறிக்க நினைத்தபோது எனக்கு இடம் இல்லை.

எதிர்வீட்டு அண்ணன் தொடர்ந்து நான்கு நாட்கள் தோற்றார். எதிராளியின் காய்க்கு மூக்கோடு மூக்காகத் தம் காயை வைத்து மறிப்பார். எதிராளி பக்கத்தில் ஒதுங்கி மேலே போய்விடுவார். ஐந்தாம் நாள் அவரே வழியைக் கண்டுபிடித்தார். “மீனுக்குப் பின்னாடி வலை விடுவோமா? போற பாதைக்கு முன்னாடில்ல விடணும்” என்று சொல்லிவிட்டு மூன்று வரிசை தள்ளி ஒரு காயை வைத்தார். தள்ளி நின்று மறித்தால் எதிராளி எந்தப் பக்கம் திரும்பினாலும் பதிலுக்கு நேரம் இருக்கும். அன்று அவர் வென்றார்.

இந்த ஆட்டத்தின் அடிப்படை உத்திக்குப் பெயர் வைத்தவரும் அவர்தான். ஒரே நிறத்துக் காய்கள் இரண்டு ஒன்றையொன்று தொடாமல், நடுவில் இரண்டு காலிக் குழிகள் இருவருக்கும் பொதுவாக இருக்கும்படி அமைந்தால், அவை சேர்ந்தவையே. எதிராளி ஒரு குழியை அடைத்தால் நாம் மற்றதை அடைத்துக்கொள்ளலாம். ஆங்கிலத்தில் இதைப் பாலம் என்ற சொல்லால் குறிக்கிறார்கள். பாம்பன் பாலத்தைப் பார்த்து வளர்ந்த எனக்கு அது பிடித்த பெயர்தான். ஆனால் அண்ணன் அந்த நான்கு குழிகளையும் அவற்றைச் சேர்க்கும் கோடுகளையும் பார்த்துவிட்டு, “இது வலைக்கண்ணில்ல” என்றார். உண்மையிலேயே அது சாய்சதுரமான ஒரு கண்ணியின் வடிவம். கோடுகள் வரைந்திருப்பதால்தான் அது கண்ணில் பட்டது. அன்றிலிருந்து எங்கள் திண்ணையில் அது கண்ணிதான். கண்ணி கண்ணியாகக் கரைவரை போய்விட்டால் ஆட்டம் முடிந்தது என்று காய்களை எடுத்துவிடுவோம். ஒரே காயில் இரண்டு கண்ணிகளை ஒருசேரக் குலைக்க முடிந்தால் அதற்குப் பெயர் கிழிசல். கிழிசலுக்கு இடம் கொடுக்காமல் கண்ணி பின்னுவதுதான் கற்றுக்கொள்ள வேண்டிய முதல் பாடம்.

இந்த ஆட்டத்தில் சமன் என்பதே இல்லை என்று சொன்னபோது அக்கா மகள் நம்பவில்லை. வாலிநோக்கம் பக்கத்து உப்பளங்களை வைத்து விளக்கினேன். வெள்ளைக் காய்களைத் தண்ணீர் என்றும், பழுப்புக் காய்களை வரப்பு என்றும் வைத்துக்கொள்வோம். எல்லாக் குழிகளும் நிறைந்துவிட்ட பலகையில், தண்ணீர் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். சேரவில்லை என்றால் அதைத் தடுத்த வரப்பு மேலிருந்து கீழ்வரை அறுபடாமல் இருக்க வேண்டும். இரண்டும் ஒருசேர நடக்காது. இரண்டும் நடக்காமல் போகவும் வழியில்லை. “அப்படின்னா சதுரங்கப் பலகையிலேயே ஆடலாமே, மாமா, இவ்வளவு மரவேலை எதுக்கு?” என்று கேட்டாள். மிக நல்ல கேள்வி. சதுரக் கட்டங்களில் நான்கு கட்டங்கள் ஒரே மூலையில் கூடுகின்றன. அங்கே இரண்டு வெள்ளையும் இரண்டு பழுப்பும் குறுக்கும் மறுக்குமாக அமைந்தால் இருவர் வழியும் அடைபட்டுவிடும். அறுகோணங்களில் எந்த மூலையிலும் மூன்று அறைகள்தான் கூடும். அங்கே அந்த முட்டுக்கட்டைக்கு இடமே இல்லை. மூன்று கோடுகள் ஏன் தேவைப்பட்டன என்பது அவளுக்கு அப்போது விளங்கியது.

முதலில் ஆடுபவருக்கு வெல்லும் வழி ஒன்று நிச்சயம் இருக்கிறது என்று நாஷ் நிறுவியிருக்கிறார். இரண்டாமவருக்கு அப்படி ஒரு வழி இருந்தால், முதலாமவர் எங்கேயோ ஒரு காயை வைத்துவிட்டு அதே வழியைத் தாம் பின்பற்றலாம். இந்த ஆட்டத்தில் கூடுதல் காய் ஒருபோதும் கெடுதல் செய்யாது. ஆக இரண்டாமவருக்கு அந்த வழி இருக்க முடியாது. சமனும் கிடையாது என்பதால் வழி முதலாமவருக்கே உரியது. எந்தக் காயை எங்கே வைத்தால் வெல்லலாம் என்பதை இந்த நிறுவல் சொல்லாது என்பதுதான் இதன் சுவை. ஆனாலும் நடுக்குழியில் முதல் காயை வைப்பவருக்குக் கிடைக்கும் அனுகூலம் எங்கள் திண்ணையில் நன்றாகவே தெரிந்தது. இதற்கு ஒரு விதி ஏற்கெனவே உண்டு: ஒருவர் முதல் காயை வைக்க வேண்டும், மற்றவர் விரும்பினால் அந்தக் காயையும் அதன் கரைகளையும் தமதாக்கிக்கொள்ளலாம். இதை நான் விளக்கி முடிக்கும் முன்பே அண்ணன், “கூறு வைக்கிறவன் ஒருத்தன், எடுக்கிறவன் ஒருத்தன்” என்று முடித்துவிட்டார். கரையில் மீனைக் கூறு வைத்துப் பழகியவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை. இப்போதெல்லாம் முதல் காயை எங்கே வைப்பது என்பதற்கே பெரியம்மா ஐந்து நிமிடம் எடுத்துக்கொள்கிறார். நடுவில் வைத்தால் பறிபோகும். கூரிய மூலையில் வைத்தால் யாரும் தொட மாட்டார்கள், நமக்கும் அதனால் பயன் இராது.

ஜூன் முதல் வாரத்தில் இன்னொன்றைக் கண்டேன். விரிந்த இரண்டு மூலைகளையும் சேர்க்கும் குறுகிய மூலைவிட்டத்தோடு பலகையை நிறுத்திக்கொண்டால், ஒரு பாதியில் 66 குழிகளும் பக்கத்துக்குப் பதினொன்று வீதம் மூன்று கரைகளும் கொண்ட சமபக்க முக்கோணம் கிடைக்கிறது. ஒய் என்ற ஆட்டத்துக்கு வேண்டிய களம் இதுவே. அதில் யாருக்கும் தனிக் கரை கிடையாது. மூன்று கரைகளையும் ஒரே தொடராகத் தொட்டவர் வென்றவர், மூலைக் குழி இரண்டு கரைகளையும் தொட்டதாகக் கணக்கு. அதிலும் சமன் இல்லை. மூலைவிட்டத்தை ஒட்டி நைலான் வலை நூல் ஒன்றை இழுத்து, பலகையின் ஓரத்தில் அடித்த இரண்டு பித்தளை ஆணிகளில் மாட்டிவிட்டேன். வேண்டும்போது மாட்டலாம், ஹெக்ஸ் ஆடும்போது கழற்றிவிடலாம். ஆட்டம் சிறியதாக இருப்பதால் பிள்ளைகள் இதைத்தான் அதிகம் ஆடுகிறார்கள்.

தடைக்காலம் முடிந்து அண்ணன் கடலுக்குப் போய்விட்டார். பலகையில் மூன்று குழிகளின் அடியில் சாயம் உரிந்திருக்கிறது. தடித்துப் பூசிய இடங்கள் அவைதான். அவற்றைச் சுரண்டி மறுபடி பூச வேண்டும். சோழிகளில் இரண்டு காணவில்லை. காய்களைப் போட்டு வைப்பதற்கு மூடியோடு கூடிய ஓலைக்கொட்டான் இரண்டைப் பின்னித் தருவதாகப் பெரியம்மா சொல்லியிருக்கிறார். குருத்தோலை வெட்டி நிழலில் உலர்த்தியிருக்கிறோம். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன்பு பலகையின் அடிப்பக்கத்துக்கும் ஒரு பூச்சுக் கொடுத்துவிட வேண்டும். அங்கே இன்னும் வெறும் மரம்தான் இருக்கிறது.